முதல் பந்திக்காரர்கள்

தம்பி வீட்டு வாசலில் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளே நாற்காலி வந்துவிடுகிறது. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. தம்பி மனைவி செல்வி அதைத் துண்டால் ஒரு தட்டுத் தட்டி, ஃபேனுக்கு நேர் கீழே இழுத்துப் போட்டு, "உக்காருங்க மதினி" என்கிறாள். வீட்டில் மற்ற எல்லோரும் தரையில்தான். நான் மட்டும் விசாரணைக்கு வந்த தாசில்தார் மாதிரி உயரத்தில். திருவாதவூரில் இதே வீட்டில், இதே சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டுத்தான் நான் சாப்பிட்டேன், படித்தேன், தம்பி கண்ணனோடு சண்டை போட்டேன். "நான் கீழேயே உக்காந்துக்கிறேன் செல்வி" என்று சொல்லிப் பார்த்தேன். "வேணாம் மதினி, இடுப்பு பிடிச்சுக்கிரும். உங்களுக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. வயதைச் சொல்கிறாளா, தூரத்தைச் சொல்கிறாளா என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். காற்று நன்றாக வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கும், என்னைப் போல வெளியே போய் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. அமெரிக்காவில் அயோவா என்று ஒரு மாநிலம். மக்காச்சோளமும் பன்றிப் பண்ணையும்தான் அங்கே பிழைப்பு. அங்கே ஒரு சின்ன ஊரில், இருக்கிற ஒரே ஹைஸ்கூலில் நான் கணக்கு டீச்சர். கணவரின் வேலைக்காகப் போனோம், அப்படியே வேர் பிடித்துவிட்டது. நிலம் நம் மேலூர்ப் பக்கம் மாதிரியே தட்டைதான். ஆனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் யானைமலை மாதிரி கண்ணுக்கு ஆறுதலாக ஒரு கல் கிடக்காது. முதல் வருஷம் எனக்குக் குளிரைவிட அதுதான் பெரிய குறை. இப்போது பழகிவிட்டது. மலை இல்லாத வானத்திலும் மழை எந்தப் பக்கமிருந்து வரும் என்று சொல்லிவிடுவேன்.

பழகாதது ஒன்றுதான், மார்க் விஷயம். நான் மேலூரில் படித்த பள்ளியில் டீச்சர் விடைத்தாள் கட்டை வெறுமனே தூக்கிக்கொண்டு வர மாட்டார். அதிக மார்க் மேலே, குறைந்த மார்க் அடியில் என்று அடுக்கித்தான் கொண்டுவருவார். பெயரைக் கூப்பிட்டு, மார்க்கைச் சத்தமாகச் சொல்லி, ஒவ்வொன்றாகக் கொடுப்பார். முதலில் கூப்பிடப்படுகிறவள் நடந்து போகிற அழகு இருக்கிறதே, கல்யாணப் பெண்கூட அப்படி நடக்க மாட்டாள். கடைசியில் கூப்பிடப்படுகிறவள் பெஞ்சுக்கு அடியில் விழுந்த பேனாவைத் தேடிக்கொண்டிருப்பாள். எங்களுக்கு வரிசைதான் செய்தி. யார் முதலில், யார் கடைசியில் என்று தெரிந்தால் போதும், வேறு எதையும் கேட்க வேண்டியதில்லை.

இந்தப் புத்தியோடு நான் அயோவா போய், பெற்றோர் கூட்டத்தில் உட்கார்ந்தேன். ஒரு அம்மா வந்தார். "என் மகள் எப்படி இருக்கிறாள்?" என்றார். "கவலையே வேண்டாம், வகுப்பில் மூன்றாவது" என்றேன் பெருமையாக. அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. "நான் அதைக் கேட்கவில்லை. உங்கள் வகுப்பில் சந்தோஷமாக இருக்கிறாளா?" என்றார். மூன்றாவதாக வந்தவள் சந்தோஷமாகத்தானே இருப்பாள்? இல்லை, முன்னால் இருக்கிற இரண்டு பேரை நினைத்து எரிந்துகொண்டிருப்பாளோ? இந்த ஆராய்ச்சியை நான் சத்தமாக வேறு செய்துவிட்டேன். பிற்பாடு பிரின்சிபால் டெப்ரா என்னைக் கூப்பிட்டு, ஒரு பிள்ளையின் மார்க் அந்தப் பிள்ளைக்கும் வீட்டுக்கும் மட்டும்தான் சொந்தம், மற்றவர்களோடு அடுக்கிப் பேசக் கூடாது என்று பக்குவமாகச் சொன்னார். டெப்ரா நல்ல மனுஷி. உயரமாக, வாயில் எப்போதும் சூயிங்கத்தோடு, பண்ணைக்காரக் குடும்பத்துப் பெண். அவரும் நானும் அன்றைக்குத்தான் சிநேகிதமானோம்.

அந்தப் பள்ளியில் வருஷத் தொடக்கத்தில் ஒரு பொதுச் சாப்பாடு உண்டு. பாட்லக் என்பார்கள். ஆளுக்கொரு பாத்திரம் செய்து கொண்டுவந்து உள்விளையாட்டு அரங்கில் மேஜைமேல் வைக்க வேண்டும், வரிசையில் நின்று எடுத்துச் சாப்பிட வேண்டும். நான் சேர்ந்த புதிதில், "நம் புது டீச்சர் முதலில்" என்று டெப்ரா என் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டார். ஊரே காலித் தட்டோடு எனக்காகக் காத்து நின்றது. கூச்சத்தில் இரண்டு கரண்டி எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய்விட்டேன். அடுத்தடுத்த வருஷங்களிலும் இதே மரியாதை நடந்தது. பிறகு ஒரு வருஷம் நான் வழக்கம்போல முன்னால் போய் நிற்க, டெப்ரா தலையை ஆட்டி, "நீ பின்னால் வா. சாப்பாடு முடிந்ததும் நாற்காலி மடக்க ஆள் வேண்டும்" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இத்தனை வருஷம் முதலில் நின்றவளை இப்படி ஒரே வார்த்தையில் இறக்கிவிட்டாரே என்று வீட்டுக்கு வந்து கணவரிடம் புலம்பினேன். கோபம் ஆற ஒரு வாரம் ஆனது. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

இப்போது மீனாவிடம் வருகிறேன். பாண்டிமீனா, மேலூர்ப் பெண். அவளுடைய அப்பா ராசு குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறவர், மேலூர்ச் சந்தையிலிருந்து மதுரைக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டு போவார். அவருடைய அப்பா தலைமுறை வரைக்கும் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கிய குடும்பம். சொந்தமாக வண்டி வாங்கி, சந்தைக்குள் ஹாரன் அடித்துக்கொண்டு நுழைகிற முதல் ஆள் அவர்தான். மீனா பிளஸ் ஒன் முடித்ததும் பரிமாற்ற மாணவியாகத் தேர்வாகி, ஒரு வருஷம் அமெரிக்காவில் படிக்க வந்தாள். எத்தனையோ ஊர் இருக்க, அவளை எங்கள் ஊருக்கு அனுப்பியது நல்ல காலம்தான். டெப்ரா வீட்டில் தங்கல், என் வகுப்பில் கணக்கு. முதல் நாள் வகுப்பு முடிந்ததும் என் மேஜைக்கு வந்து, "டீச்சர், நீங்க மதுரைப் பக்கமா?" என்றாள். "எப்படிக் கண்டுபிடிச்ச?" என்றேன். "நீங்க இங்கிலீசு பேசுறதுலயே தெரியுது டீச்சர்" என்றாள். எனக்குக் கோபம் வர வேண்டும், சிரிப்புதான் வந்தது.

நல்ல மண்டை அவளுக்கு. ஒரு கணக்கை நான் ஒரு வழியில் போட்டால், கையைத் தூக்கி வேறு வழி சொல்வாள். கிறிஸ்துமஸ் வருவதற்குள் உள்ளூர்ப் பிள்ளைகள் சந்தேகத்தை என்னிடம் கேட்பதை விட்டுவிட்டு அவளிடம் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். ஆனால் எங்கள் பள்ளியில் ஒரு விதி. பரிமாற்ற மாணவர்களுக்குத் தர வரிசை கிடையாது, பள்ளி முடித்ததற்கான பட்டயமும் கிடையாது. வந்து போனதற்கு ஒரு சான்றிதழ் மட்டும் தருவார்கள். மீனாவுக்கும் இது தெரியும், கிளம்பும்போதே சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். ஊருக்குத் திரும்பி, ஒரு வருஷம் சின்னவர்களோடு உட்கார்ந்து பிளஸ் டூ எழுத வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. மேலூர்ப் பள்ளித் தலைமையாசிரியையும் இடம் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்.

மே மாதம் ஒரு சாயங்காலம் ஹானர்ஸ் நைட் நடந்தது. வருஷம் முழுக்கச் சாதித்த பிள்ளைகளை மேடைக்கு அழைத்துப் பாராட்டுகிற விழா. அரங்கம் நிறைய ஆட்கள். டெப்ரா மைக்கைப் பிடித்ததும் முதலில் கூப்பிட்ட பெயர், மீனா. அவளுக்குப் பள்ளியின் பெயர் போட்ட தடித்த சட்டை ஒன்றைப் போட்டுவிட்டு, சான்றிதழைக் கையில் கொடுத்தார். பண்ணைக்காரர்களும் கடைக்காரர்களும் மொத்தமாக எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் எழுந்து நின்றேன். அதற்குப் பிறகுதான் உள்ளூர்ப் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போனார்கள். வாலடிக்டோரியன் என்கிற முதல் மாணவி எமிலியை எல்லோருக்கும் கடைசியாகக் கூப்பிட்டார்கள். டெப்ரா வீட்டுக்காரர் மீனா போன பகுதியை மட்டும் செல்போனில் பிடித்து, அவளுடைய அப்பாவுக்கு அனுப்பிவைத்தார். நல்ல எண்ணத்தில்தான்.

மேலூரில் ராசு அந்த வீடியோவைப் பார்த்தார். மைக்கில் முதல் பெயர் மகள் பெயர். ஊரே எழுந்து நிற்கிறது. விடைத்தாளை மேலிருந்து கீழாக வாங்கியே வளர்ந்த ஊர்க்காரருக்கு இதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும்? அவள் போன் செய்து சொல்வதற்குள் சந்தை முழுக்க மிட்டாய் கொடுத்துவிட்டார். "சொல்ல வாயெடுத்தேன் டீச்சர். பின்னாடி யாரோ 'அமெரிக்காவுலயே மொதோ மார்க்காம்'னு கத்துறாங்க. அப்பா அழுகுறாரு. அப்புறம் என்னத்தச் சொல்ல?" என்றாள் மீனா, விமானத்தில் என் பக்கத்து இருக்கையில். லீவுக்கு நானும் அவளோடு அதே விமானத்தில் வந்தேன்.

மேலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தது. 'அமெரிக்காவில் முதலிடம் பிடித்த மேலூரின் தங்க மகளே, வருக வருக' என்று எழுத்து. நடுவில் தடித்த சட்டையோடு மீனா. பின்னால் சுதந்திர தேவி சிலை, ஒரு விமானம், எதற்கென்று தெரியாமல் ஒரு சிங்கம். அடியில் சித்தப்பா, பெரியப்பா, மாமன் என்று வரிசையாக முகங்கள். ஓரத்தில் 'வழிகாட்டி' என்று போட்டு, பனித்தொப்பி மாட்டிய என் முகம். என் வாட்ஸ்ஆப் படத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மீனாவைப் பார்த்தேன், அவள் சிரிக்கவில்லை.

காரணம் இருந்தது. அமெரிக்காவிலேயே முதலிடம் வந்த பிள்ளை மறுபடி எதற்குப் பிளஸ் டூ வகுப்பில் உட்கார வேண்டும் என்று ராசு முடிவு கட்டிவிட்டார். அப்படி உட்கார வைத்தால் ஊர் என்ன நினைக்கும்? மதுரையில் ஒரு காலேஜ் விடாமல் ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் மார்க் ஷீட் கேட்டார்கள். "அமெரிக்காவுல இருந்து தபால்ல வந்துக்கிட்டு இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தார். உண்மையிலேயே தபால்காரரை வழியில் நிறுத்திக் கேட்கவும் செய்தார். பள்ளியோ ஏற்கனவே திறந்தாகிவிட்டது. வருகிற திங்கட்கிழமைக்குள் சேரவில்லை என்றால் இந்த வருஷம் இடம் கிடையாது என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். உண்மையைச் சொன்னால் அப்பாவுக்கு ஊர் நடுவில் தலை குனிவு. சொல்லாவிட்டால் இவளுக்கு அமெரிக்கப் பட்டயமும் இல்லை, ஊர்ப் பிளஸ் டூவும் இல்லை. "அது வராது டீச்சர். எம்புட்டு நாள் காத்திருந்தாலும் வராது. நீங்க அப்பாகிட்ட சொல்லுறீங்களா? நான் சொன்னா அவரு மூஞ்சியப் பாத்து பாதியில நிறுத்திருவேன்" என்றாள். சரி என்றேன். ஒரு அப்பாவுக்கு ஒரு விதியை விளக்க முடியாதா என்ன, இருபது வருஷமாக இதுதானே தொழில் என்று எனக்கு நம்பிக்கை.

அந்த வெள்ளிக்கிழமை மீனாவுக்கு அவளுடைய பழைய பள்ளியில் பாராட்டு விழா. சிறப்பு விருந்தினர், வேறு யார், நான்தான். என்னைக் கூட்டிப் போக ராசுவே வண்டியோடு திருவாதவூர் வந்தார். வண்டியில் தக்காளி வாசனை. முன் சீட்டில் எனக்காகப் புதுத் துண்டு விரித்திருந்தார். ஊர் எல்லை தாண்டியதும் நான் ஆரம்பித்தேன்.

"ராசு அண்ணே, ஒரு விஷயம். அன்னைக்கு மீனாவ முதல்ல கூப்பிட்டாங்கல்ல, அது மார்க்குக்காக இல்ல."

"தெரியும் டீச்சரம்மா. ஒழுக்கத்தையும் பாத்துருப்பாக."

"அதில்லண்ணே. வெளிநாட்டுல இருந்து வந்த பிள்ளைகளுக்கு அங்க ராங்கே போடமாட்டாங்க."

"போடாமயே மொதல்ல கூப்பிட்டாகன்னா, புள்ள எம்புட்டுப் படிச்சிருக்கும்?"

"அண்ணே, அவ முதலிடம் இல்லைண்ணே" என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகவே சொல்லிவிட்டேன். ராசு வண்டியை மெதுவாக்கி என்னைத் திரும்பிப் பார்த்தார். கண்ணில் அப்படி ஒரு மரியாதை. "டீச்சரம்மா, நீங்கதான் கணக்குச் சொல்லிக்குடுத்தீக. உங்களாலதான் வந்துச்சுன்னு ஊரு சொல்லிருமேன்னு கூச்சப்படுறீக. எனக்குப் புரியாதா? தன்னடக்கம்னா இதுதேன். மீனாவும் இப்படித்தேன், ரெண்டு நாளா வாயே தெறக்கல" என்றார். இனி என்னால் ஆகாது என்று, 'உங்கப்பா நம்பவில்லை' என மீனாவுக்குச் செல்போனில் செய்தி அனுப்பினேன். நம் ஊரில் ஒரு ஆள் தன்னைக் குறைத்துச் சொன்னால் அதைக் கூட்டித்தான் கேட்பார்கள் என்பதை நான் எப்படி மறந்தேனோ தெரியவில்லை. அயோவாவில் ஒன்றைச் சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள், அந்தச் சுகத்தில் இருந்துவிட்டேன்.

பள்ளி மைதானத்தில் சாமியானா, மைக் செட், நாற்காலி. முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள், அந்த வெயிலில். தலைமையாசிரியை என்னை ஆகா ஓகோ என்று புகழ்ந்துகொண்டிருந்தபோது மீனா மேடைக்கு வந்தாள். பார்த்ததும் முன்வரிசையில் இருந்த ராசு பாதி எழுந்துவிட்டார். "ஏத்தா, அந்த அமெரிக்காச் சட்ட எங்க?" என்று சைகையில் கேட்டார். மீனா போட்டிருந்தது பள்ளிச் சீருடை. போன வருஷத்துக்கு முந்தைய வருஷத்துச் சீருடை, கை கொஞ்சம் குட்டையாகிவிட்டது. இரட்டை ஜடை, ரிப்பன். கீழே உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் ஒருத்தி மாதிரியே இருந்தாள்.

மைக்கைப் பிடித்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். எங்கப்பா வச்ச பேனரப் பாத்திருப்பீங்க. அந்த வீடியோவயும் பாத்திருப்பீங்க. என்னைய ஏன் மொதல்ல கூப்பிட்டாங்கன்னு இன்னைக்குச் சொல்லிர்றேன். நம்ம வீட்டுல ஒரு விசேசம் நடக்குது. மொதப் பந்தியில யாரு உக்காருவா?"

"விருந்தாளி" என்றன பிள்ளைகள்.

"வீட்டுக்காரங்க?"

"கடேசிப் பந்தி" என்று ஒரே கூச்சல்.

"அங்க நான் விருந்தாளி. அதான் என்னைய மொதப் பந்தியில உக்கார வச்சாங்க. அம்புட்டுத்தான் நடந்துச்சு. மொதோ மார்க் எடுத்தது எமிலிங்கிற புள்ள. அவ வீட்டுப் புள்ள, அதனால கடேசியா கூப்பிட்டாங்க. என்னைய மாதிரி வந்துட்டுப் போறவங்களுக்கு அங்க மார்க் வரிசை கெடையாது. எனக்கு அமெரிக்காவுல இருந்து மார்க் ஷீட் எதுவும் வராதுப்பா."

கடைசி வார்த்தையில்தான் அவள் ராசுவைப் பார்த்தாள். மைக் செட்காரர்கூட வயரை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"கணக்கு மட்டும் நல்லாப் போட்டேன். அத டீச்சர் சொல்லுவாங்க. ஆனா இந்த ஸ்கூலுல நான் விருந்தாளி இல்ல. அதான் யூனிபாரம் போட்டு வந்தேன். திங்கக்கெழம பன்னெண்டாப்புல வந்து உக்காரப் போறேன். கூடப் படிச்சவங்க எல்லாரும் காலேஜ் போயாச்சு, தங்கச்சிங்க கூடத்தான் உக்காரணும். உக்காந்துக்கிறேன். கடேசிப் பந்தியா இருந்தாலும் அது நம்ம வீட்டுச் சாப்பாடு."

சொல்லிவிட்டு மைக்கை என்னிடம் நீட்டினாள். நான் மூன்று நாளாகத் தயார் செய்த பேச்சு ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. "நான் பார்த்த பிள்ளைகளில் கணக்கில் இவளை மிஞ்சியவள் இல்லை" என்று மட்டும் சொன்னேன். அது தன்னடக்கமும் இல்லை, மிகையும் இல்லை. தலைமையாசிரியை எழுந்து, "திங்கக்கிழமை பிரேயருக்கே வந்துடணும், லேட்டா வந்தா வெளியிலதான் நிக்கணும்" என்றார் மீனாவிடம், மைக்கிலேயே. அதற்குத்தான் பிள்ளைகள் கைதட்டின. யாரும் எழுந்து நிற்கவில்லை. வீட்டுப் பிள்ளைக்கு யார் எழுந்து நிற்பார்கள்?

என் மண்டையில் அப்போதுதான் வெளிச்சம் வந்தது. டெப்ரா என்னை வரிசையின் பின்னால் போகச் சொன்ன அந்த வருஷம். நாற்காலி மடக்கச் சொன்ன அந்த நாள். நான் மரியாதை போய்விட்டது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேனே, அன்றைக்குத்தான் அவர்கள் என்னை வீட்டுக்காரியாகச் சேர்த்திருக்கிறார்கள். நல்ல காலம், டெப்ராவிடம் அதைச் சண்டையாக்கவில்லை. ஒரு பதினேழு வயதுப் பெண் ஒரு வருஷத்தில் பிடித்ததை, கணக்கு டீச்சர் இத்தனை வருஷம் பிடிக்கவில்லை.

விழா முடிந்து வெளியே வந்தால், ராசு வண்டியில் சாய்ந்து நின்றிருந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப நீங்க வண்டியில சொன்னது தன்னடக்கம் இல்லையா டீச்சரம்மா?"

"இல்லண்ணே."

"ஊரு சிரிக்கும்ல?"

"ரெண்டு நாள் சிரிக்கும்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "அம்புட்டுப் பேரும் எந்திரிச்சு நின்னாகளே, அதாச்சும் நெசமா?" என்றார்.

"நெசம்ண்ணே. நானும் நின்னேன்."

"வண்டிக்காரன் மகளுக்கு வெள்ளைக்காரன் எந்திரிச்சு நின்னுருக்கான். மார்க் இல்லைன்னா என்ன? அதுக்கே பேனர் வைக்கலாம்" என்றார். மீனா அதற்குள் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். அவர் அவளைத் திட்டவில்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. குட்டையாகிவிட்ட சீருடைக் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, "திங்கக்கெழமைக்குள்ள புதுசு தைக்கணும்ல. வா, டெய்லர் கடையப் பூட்டிருவான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கண்ணனின் சின்ன மகளுக்குக் காதுகுத்து. கிடா வெட்டி, வாசலில் பந்தல் போட்டு, ஊருக்கே சாப்பாடு. சமையல் பாத்திரமும் வாடகை நாற்காலியும் ராசுவின் வண்டியில்தான் வந்தன. வண்டி சந்துக்குள் திரும்பியபோது பார்த்தேன், பின்னால் சரக்கை மூடியிருந்த தார்ப்பாய் இடத்தில் அந்த ஃபிளெக்ஸ். சுதந்திர தேவி ஒரு பக்கம் மடங்கியிருந்தாள். சிங்கம் கயிற்றுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. ஓரத்தில் பனித்தொப்பியோடு நான் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தேன். "கெட்டித் துணி டீச்சரம்மா, மழைக்கு நல்லாத் தாங்கும்" என்றார் ராசு, நான் பார்ப்பதைப் பார்த்து. மீனாவும் கூட வந்திருந்தாள். வந்ததும் வராததுமாகச் செல்வியிடம் போய் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டாள், தரையில்.

முதல் பந்தி போட்டதும் கண்ணன் என்னைத் தேடிக்கொண்டு வந்தான். "அக்கா, நீ உக்காருக்கா. வந்தவுகளோட நீயும் சாப்பிட்டுரு." எனக்கு மீனா மைக்கில் கேட்ட கேள்வி காதில் ஒலித்தது. அதெல்லாம் நடக்காது என்று சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு குழம்பு வாளியைத் தூக்கினேன். என் கல்யாணத்துக்கு முன்னால் இந்தத் தெருவில் எத்தனை பந்தி பரிமாறியிருக்கிறேன். ஆனால் கைக்கு அது தெரிய வேண்டுமே. சோறு விழுவதற்கு முன்னாலேயே இரண்டு இலையில் குழம்பை ஊற்றிவிட்டேன். அது ஓடி அடுத்த இலைக்காரரின் வேட்டியில் இறங்கியது. அவர் பெரிய மனிதர், "பரவாயில்லத்தா, அமெரிக்காவுல சோத்துக்கு முன்னாடிதான் ஊத்துவாகளோ என்னமோ" என்றார். பந்தியே சிரித்தது. செல்வி ஓடிவந்து வாளியை என் கையிலிருந்து பிடுங்கி, "நீங்க எதுக்கு மதினி இதெல்லாம்? போய் உக்காருங்க, நான் பாத்துக்கிறேன்" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். நான் கையைக் கழுவிவிட்டு முதல் பந்தியின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

எனக்குச் சோறு வைக்க வந்தது மீனா. சோற்றுத் தட்டை என் இலையில் கவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். இந்தப் பெண்ணுக்கு எல்லாம் புரிகிறது, அதுதான் தொந்தரவு. "இன்னுங் கொஞ்சம் வைக்கட்டுமா டீச்சர்?" என்றாள். "வை" என்றேன். கறி பிரமாதமாக இருந்தது. அயோவாவில் என்ன செய்தாலும் இந்த மணம் வராது. முதல் பந்தி என்பதால் ஈரல் கிடைத்தது. வீட்டுக்காரர்கள் உட்கார்ந்த கடைசிப் பந்தியில் எலும்பும் சாறும்தான். அந்தப் பந்தியில் கண்ணனும் செல்வியும் மீனாவும் ராசுவும் வரிசையாக உட்கார்ந்து, இருந்ததைப் பங்கு போட்டு, எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயில் வெற்றிலையோடு பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தேன். பொறாமையாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஈரல் தின்ற வாயோடு எலும்புப் பந்தியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

சாயங்காலம் மீனா கிளம்பினாள். "வாரேன் டீச்சர். காலையில பிரேயருக்குப் போகணும், லேட்டாப் போனா வெளியில நிப்பாட்டிருவாங்க." தைத்து வாங்கிய சீருடை வண்டியில் ஒரு மஞ்சள் பையில் இருந்தது. வண்டி போனதும் என் செல்போனில் ஒரு செய்தி வந்து கிடந்தது. டெப்ரா. ஆகஸ்டில் புதிதாக இரண்டு பரிமாற்றப் பிள்ளைகள் வருகிறார்கள், ஒன்று பிரேசில், ஒன்று ஜப்பான். வழக்கமான பாட்லக் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் வரிசையில் முதலில். 'நீ வழக்கம்போல நாற்காலி. சீக்கிரம் வந்து சேர், நீ இல்லாமல் இங்கே எதுவும் நடக்கவில்லை' என்று எழுதியிருந்தார்.

போனை இடுப்பில் சொருகிக்கொண்டு பந்தலுக்குள் போனேன். ஆட்கள் எல்லோரும் போய்விட்டார்கள். வாடகை நாற்காலிகள் கண்டபடி கிடந்தன. ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். இது எனக்குத் தெரிந்த வேலை. கை தடுமாறவில்லை, குழம்பு சிந்தவில்லை. வியர்வை வழிய வழிய மளமளவென்று அடுக்கிக்கொண்டே போனேன். கண்ணன் வந்து பார்த்தான். தடுப்பான் என்று நினைத்தேன், தடுக்கவில்லை. அவனும் எதிர்ப்பக்கத்திலிருந்து அடுக்கிக்கொண்டு வந்தான். சின்ன வயதில் நெல் மூட்டையின் இரு பக்கமும் பிடித்துத் தூக்குவோமே, அப்படி இருவரும் பேசாமல் வேலை செய்தோம். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கடைசியாக ஒன்று மிஞ்சியது. வாசலில் கிடந்த வீட்டுச் சிவப்பு நாற்காலி. அதையும் பழக்கத்தில் தூக்கிவிட்டேன்.

"அக்கா, அத மட்டும் விட்டுருக்கா" என்றான் கண்ணன். "அது நீ உக்காருறதுக்கு."

கையில் நாற்காலியோடு அப்படியே நின்றேன்.